கழிவுப் பொருளில் மலரும் கலை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியை நம் சிறுவர்கள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆனால் அதே சிறுவரிடம் ஒரு புல்லைக் கொடுத்து, இதனைக் கொண்டு ஏதேனும் செய்து காட்டு என்றால் பலர் திகைத்து நிற்கின்றனர். பசை எங்கே, வண்ணத்தாள் எங்கே என்று கேட்கின்றனர். பழமொழி நாவிலே நிற்கின்றது. கைக்கு வந்து சேரவில்லை. குறை குழந்தைகளுடையதன்று. கலைப்பாடத்தைக் கடைச் சரக்காக்கிவிட்ட பெரியோர்களாகிய நம்முடையது. அப்பிழையில் நமக்கும் பங்கு உண்டு. ஆதலின் அதனை மறைக்காமல் கூறி, தொடக்கப் பள்ளிக் கலைப்பாடத்தில் இயற்கைப் பொருள்களையும் கழிவுப் பொருள்களையும் பயன்படுத்தும் வகையினைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

சில ஆண்டுகளுக்கு முன், பனங்காடு சூழ்ந்த ஒரு சிற்றூரில் நாம் பங்குத்தந்தையாகவும், அப்பங்கின் தொடக்கப் பள்ளிக்குத் தாளாளராகவும் பணியாற்றி வந்தோம். ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் கோயில் வாசலில் காத்து நின்றார். பனையேறும் தொழிலாளி ஒருவரின் மனைவி அவர்.

"சாமி, பிள்ளை வெள்ளிக்கிழமை ஆனா வயித்த வலிக்குன்னு படுத்துக்கிடுதா. மத்த நாளெல்லாம் ஓடி ஓடிப் போறா" என்றார்.

"டாக்டரிடம் காட்டினீங்களா அம்மா?" என்று கேட்டோம்.

"காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல சாமி. அன்னைக்குத்தான் கைவேலை வகுப்பு. சார்ட் அட்டை, ஜிகினாத்தாளு, தெர்மக்கோலு, பசைன்னு ஒரு சீட்டுக் குடுத்து விட்டிருக்காங்க. எல்லாம் வாங்க நூத்தம்பது ரூவாய்க்கு மேல ஆகுது. கொண்டு வராத பிள்ளைய எழுப்பி நிக்க வச்சிருவாங்களோன்னு அவளுக்குப் பயம். டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அவ சும்மா உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும்."

அச்சீட்டை வாங்கிப் பார்த்தோம். பள்ளியின் பெயரில் அச்சிட்ட சுற்றறிக்கை அது. அதன் அடியில் இருந்தது நம் கையொப்பம்! ஆசிரியை பட்டியலைக் கொண்டுவந்தார். நாம் படித்தும் பாராமல் ஒப்பமிட்டுவிட்டோம். அந்தத் தாயின் முன் நாணித் தலைகுனிந்தோம் என்பதே உண்மை.

அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்றோம். வயிற்றுவலிக்காரி திண்ணையில் அமர்ந்து, தம்பிக்காகப் பனையோலையில் கிலுகிலுப்பை பின்னிக்கொண்டிருந்தாள். ஓலை நறுக்குகளை மாற்றி மாற்றி மடித்து, உள்ளே நான்கைந்து சிறு கற்களை இட்டு, வாயை மூடி, எஞ்சிய நுனிகளைப் பிடியாகத் திரித்து முடித்தாள். எந்த ஓலையில் செய்கின்றாய் என்று கேட்டோம். "முத்துன ஓலை மடிச்சா ஒடிஞ்சிரும் சாமி. குருத்து காஞ்சா சுருங்கிரும். நடுவால உள்ளதுதான் நிக்கும்" என்று தலை நிமிராமலே விடை கூறினாள்.

எட்டு வயதுக் குழந்தை பொருளின் இயல்பை அறிந்திருக்கின்றாள், அளவு அறிந்திருக்கின்றாள், வடிவம் அறிந்திருக்கின்றாள். அவ்வகுப்பிலேயே கைத்திறம் மிக்க அக்குழந்தை, கலைப்பாடத்திற்கு அஞ்சி வீட்டில் படுத்துக்கொள்கின்றாள். ஜிகினாத்தாள் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம். இதனைவிட வேதனையான முரண் வேறு என்ன வேண்டும்?

கை வழியே கல்வி

கலைப்பாடம் என்பது பாடங்களுக்கிடையே வரும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இன்றும் உளர். அஃது அவ்வாறன்று என்பதைக் கல்வியாளர் நெடுநாள் முன்பே கண்டனர். ஜெர்மன் நாட்டின் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் 1837-ஆம் ஆண்டு சிறுவர்க்கான நிலையம் ஒன்றைத் தொடங்கியவர் பிரடெரிக் புரோபல். 1840-இல் அதற்குக் குழந்தைத் தோட்டம் என்று பொருள்படும் 'கிண்டர்கார்டன்' என்னும் பெயரைச் சூட்டினார். தாளை மடித்தல், பின்னுதல், களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்தல், ஊறிய பட்டாணியையும் மெல்லிய குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் அமைத்தல் ஆகியவை அவர் முறையில் இடம்பெற்ற கைவேலைகள். அவற்றுள் விலையுயர்ந்த பொருள் ஏதேனும் உண்டா? எல்லாம் வீட்டிலும் வெளியிலும் கிடைப்பவையே.

நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். அதே வார்தாவில், 1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தியவர், தஞ்சையில் 1892-இல் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள். அச்சங்கம் பேணி வளர்த்த தொழில்களுள் கைக்காகிதம் செய்தலும் ஒன்று. வேண்டாமென்று எறிந்ததைக் கூழாக்கி மீண்டும் எழுதும் தாளாக ஆக்கும் தொழில் அது. இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்ற கணக்காயர் ஒருவர் இத்தகைய தொழில்களுக்காகத் தம் வாழ்வைச் செலவிட்டார் எனில், கழிவுப் பொருளைக் கையாள்வது ஏழைக்கு விதித்த இழிவன்று. அறிவுடையோர் விரும்பி ஏற்ற ஒழுக்கம் என்பது விளங்கும்.

ஏழைப் பிள்ளைக்கு ஓலை, வசதியுள்ள பிள்ளைக்கு வண்ணத்தாள் என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஓலையைத் தொடவேண்டும் என்கின்றோம். கடையில் வாங்கிய வண்ணத்தாளில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. எத்தாளும் ஒரே தன்மையுடையது. ஓலையோ ஒன்றுபோல் ஒன்றிராது. எது வளையும், எது ஒடியும், எது நீரில் ஊறும், எது வெயிலில் வாடும் என்று கையும் கண்ணும் ஆராய்ந்து அறிய வேண்டியிருக்கின்றது. அந்த ஆராய்ச்சியே பாடம். செய்து முடித்த பொருள் அப்பாடத்தின் அடையாளம் மட்டுமே.

மண்ணும் மரமும் தரும் செல்வம்

மறுவாரமே பழைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றோம். கலைப்பாடத்திற்கு எவரும் எதுவும் விலைக்கு வாங்கலாகாது என்று அறிவித்தோம். தலைமை ஆசிரியையாகிய அருட்சகோதரியும் மனமுவந்து துணைநின்றார். முதல் வகுப்பை நடத்த அந்தப் பனையேறும் தந்தையையே அழைத்தோம். "எழுதப் படிக்கத் தெரியாத நான் பள்ளிக்கூடத்துல என்ன சாமி சொல்லிக் குடுக்க?" என்று அவர் தயங்கினார். மகள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

அவர் ஒரு கத்தை ஓலையோடு வந்து தரையில் அமர்ந்தார். ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து நீக்கும் வகையையும், உலர்ந்த ஓலையை நீரில் நனைத்துப் பதமாக்கும் வகையையும் காட்டினார். இரண்டு நறுக்குகளைக் குறுக்காக மடித்துக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, காற்றாடி செய்து கொடுத்தார். நுங்கெடுத்த கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பு கொண்டு உருட்டும் வண்டியும் செய்தார். வகுப்பு முடிகையில் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, ஐயா, எனக்கு, எனக்கு என்று கூவினர். அவருடைய மகள் அன்று எல்லோருக்கும் மடிப்புத் திருத்திக் கொடுத்த சிறு ஆசிரியையானாள். அதன்பின் அவளுக்கு வெள்ளிக்கிழமை வயிற்றுவலி வரவில்லை என்று கூறவும் வேண்டுமோ?

பனை நம் மாநிலத்தின் மரம். ஆயினும் பனையில்லாத ஊர்களும் உள. அங்கே தென்னையோலை உண்டு, வாழைநார் உண்டு, பூவரசிலை உண்டு. பூவரசிலையைச் சுருட்டி ஒரு முனையைச் சற்றே நசுக்கி ஊதினால் பீப்பி ஒலிக்கும் என்பதை நம் வாசகருள் பெரியோர் அறிவர். பேரப் பிள்ளைகள் அறிவரா என்பது ஐயம். பனைமட்டையின் நுனியைக் கல்லால் தட்டி நார் பிரித்தால் தூரிகை ஆயிற்று. நறுவிலிப் பழத்தின் பசையால் நாம் சிறுவயதில் பட்டத்தாள் ஒட்டியதுண்டு. மூக்குச்சளிப் பழம் என்று அதனை அழைத்துச் சிரித்த நினைவு வருகின்றது.

களிமண்ணைச் சொல்லாமல் விடலாகாது. குளத்து வண்டலைக் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்து, சிறிது நுண்மணல் சேர்த்தால் உலரும்போது வெடிப்புக் குறையும். செய்த உருவத்தை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து பிளக்கும். பிடிக்காத உருவத்தை நீரில் இட்டால் மீண்டும் களிமண்ணாகிவிடும். தவறு செய்தவனுக்கு மறுவாய்ப்பு அளிக்கும் பொருள் இதனைவிட வேறு இல்லை. புரோபல் பட்டாணியால் செய்ததைச் சிறு களிமண் உருண்டைகளும் தென்னை ஈர்க்குத் துண்டுகளும் கொண்டு செய்யலாம். முக்கோணம் அசையாது நிற்கும், சதுரம் சாயும். வீட்டுக் கூரையில் மரங்களை ஏன் முக்கோணமாகச் சேர்க்கின்றனர் என்பது அப்போது தானே விளங்கும்.

வண்ணங்களோ நம் அடுக்களையிலும் கொல்லையிலும் நிறைந்துள்ளன. மஞ்சள் நிறத்திற்கு மஞ்சள்தூள், கறுப்பிற்கு அடுப்புக்கரி, சிவப்புக்குச் செங்கற்பொடியும் காவியும், ஊதாவிற்குக் கொடிப்பசலையின் முற்றிய பழம், நீலத்திற்குச் சங்குப்பூ. சற்றுக் கஞ்சி கலந்தால் நிறம் தாளில் பிடிக்கும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் நீலம் செவ்வூதாவாக மாறும். வெள்ளைத்தாள் ஒன்றை மஞ்சள்நீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் சோப்பு நீரைக் குச்சியால் தொட்டு எழுதினால் எழுத்துச் சிவப்பாகத் தோன்றும். மஞ்சள் காரப் பொருளோடு கூடினால் சிவக்கும் என்னும் வேதியியல் உண்மையைப் பிள்ளைகள் பெயர் அறியாமலே கண்டுகொள்கின்றனர். இவ்வண்ணங்கள் வெயிலில் மங்கும். ஏன் மங்கின என்று குழந்தை கேட்டால், அதுவும் ஒரு பாடமே.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, நிறத்தில் தொட்டு ஒற்றினால் பெரும்பாலும் ஐந்து இதழ்ப் பூ ஒன்று பதியும். வாழை மட்டையின் குறுக்குவெட்டில் சிறுசிறு அறைகள் வரிசையாகப் பதியும். முற்றிப்போன வெண்டைக்காயும், வெட்டி எறியும் காம்பும் அடியும் இதற்குப் போதும். உண்ணத்தக்க அரிசியையும் பருப்பையும் தாளில் ஒட்டி வீணாக்கும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. காலையில் பசியோடு வரும் குழந்தை அமர்ந்திருக்கும் வகுப்பில் அவ்வழக்கம் வேண்டாம் என்பது நம் கருத்து.

வீட்டிலிருந்து வெளியேறும் பொருள்கள்

நம் பாட்டிமார் பழந்தாள்களை நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயமும் சேர்த்து உரலில் இடித்து, அக்கூழைக் கவிழ்த்த பானைமேல் அப்பிக் கூடை செய்தனர். உலர்ந்தபின் தானியம் கொட்டி வைக்கும் அளவுக்கு அஃது உறுதியாயிருந்தது. அதே கூழைக் கொண்டு முகமூடியும் பழ உருவங்களும் பிள்ளைகள் செய்யலாம். கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலுக்கு ஆட்டிடையர் உருவங்களையும் அவ்வாறே செய்தோம். சில ஆடுகள் நாயைப் போல் இருந்தன. ஆயினும் கடையில் வாங்கிய உருவங்களை எவரும் பார்க்கவில்லை. தம் பிள்ளைகள் செய்த ஆடு எது என்று தேடியே பெற்றோர் குடிலைச் சூழ்ந்து நின்றனர்.

தையற்காரர் வெட்டி எறியும் துணித் துண்டுகள், பழைய திருமண அழைப்பிதழ்கள், அட்டைப் பெட்டிகள், தேங்காய்ச் சிரட்டை, அறுந்த கயிறு, உதிர்ந்த பொத்தான்கள் ஆகிய அனைத்தையும் வகுப்பின் ஒரு மூலையில் தனித்தனிப் பெட்டிகளில் இட்டு வைத்தோம். பொருள்களைத் தரம் பிரித்து அடுக்குவதும் பிள்ளைகளின் பொறுப்பு. எவர் கொண்டுவந்தது எது என்னும் பேச்சே அங்கு எழவில்லை. பொதுப் பெட்டியிலிருந்து எவரும் எதையும் எடுக்கலாம் என்னும் ஒழுங்கு, உள்ளவன் இல்லாதவன் என்னும் வேற்றுமையைச் சொல்லாமலே அகற்றியது.

இத்துறையில் இருவரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா அவர்கள், எறிந்த பொருள்களிலிருந்து அறிவியல் விளையாட்டுப் பொருள்கள் செய்யும் வகையினைப் பல்லாண்டுகளாகச் சிறுவர்க்குக் கற்பித்தவர். தீக்குச்சிகளையும் மிதிவண்டியின் வால்வு டியூபையும் இணைத்து வடிவக் கணிதம் விளக்கும் அவருடைய முறை ஆசிரியரிடையே பெயர்பெற்றது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மற்றவர் சண்டிகர் நகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த். உடைந்த வளையல், பீங்கான், ஓடு முதலியவற்றைச் சேர்த்து, எவரும் அறியாமல் பல்லாண்டு உழைத்துச் சிற்பங்கள் அமைத்தார். 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பெற்ற அந்தப் பாறைத் தோட்டத்தை இன்றும் திரளானோர் கண்டு வியக்கின்றனர். ஒரு நகரம் எறிந்ததைக் கொண்டு அந்நகருக்கே புகழ் தேடித் தந்தவர் அவர்.

சில எச்சரிக்கைகள்

கழிவுப் பொருள் என்றதும் கண்டதையெல்லாம் குழந்தை கையில் கொடுத்தல் ஆகாது. பழைய பேட்டரி, உடைந்த டியூப்லைட், ஊசி, மருந்துப் புட்டி, பூச்சிமருந்து டப்பா ஆகியவை வகுப்பறைக்குள் வரவே கூடாது. தகர டப்பாவின் வெட்டிய விளிம்பைப் பெரியோரே மடக்கித் தட்டித் தரவேண்டும். கண்ணாடித் துண்டு வேண்டாம்.

இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்று எண்ணுவதும் பிழையே. செந்நிறத்தால் கண்ணைக் கவரும் குன்றிமணி, ஆமணக்கு விதை, அரளி விதை ஆகியவை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஊறு செய்யும் நஞ்சுடையவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. சிறு விதைகளை மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்ளும் இயல்பு இளஞ்சிறார்க்கு உண்டு என்பதையும் ஆசிரியர் மறவாதிருத்தல் வேண்டும். மாவுப் பசையில் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அதுவும் நஞ்சாதலால் பள்ளியில் விலக்குக. அன்றைக்கு வேண்டிய பசையை அன்றே காய்ச்சினால் போதும்.

தெர்மகோலைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்குத் தடை உண்டு. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தடையில், அலங்காரத்திற்கான தெர்மகோலும் அடங்கும். சட்டம் விலக்கிய பொருளை வாங்கி வருமாறு பள்ளியே சீட்டுக் கொடுத்தல் முறையாகுமா? நம் பழைய சுற்றறிக்கையில் அதுவும் இருந்தது என்பதை எண்ணி மீண்டும் வெட்கப்படுகின்றோம்.

இரண்டாவது பிழை

இத்துடன் நம் தவறுகள் தீர்ந்தன என்று நினைத்தோம். தீரவில்லை. ஆண்டு இறுதியில் கழிவுப் பொருள் கைவினைக் கண்காட்சி ஒன்றும் பரிசும் அறிவித்தோம். வீட்டிலேயே செய்து கொண்டுவரலாம் என்றும் கூறிவிட்டோம். கண்காட்சி நாளன்று மேசைமேல் வந்து நின்ற பொருள்களைக் கண்டு வியப்புற்றோம். ஐஸ் குச்சியால் ஆன பெரிய மாளிகை ஒன்று, மின்விளக்கோடு ஒளிர்ந்தது. அதற்கே முதற்பரிசும் அளித்தோம்.

பரிசு பெற்ற சிறுவனிடம், இத்தனை ஐஸ் குச்சிகளை எங்கே பொறுக்கினாய் தம்பி என்று மகிழ்வோடு வினவினோம். "பொறுக்கலை ஃபாதர். பேன்ஸிக் கடையில புதுசாப் பாக்கெட் விக்கிறாங்க. அஞ்சு பாக்கெட் வாங்கினோம். அப்பா லீவு போட்டுச் செஞ்சாங்க. என்னைத் தொட விடலை" என்றான். அச்சொல்லில் ஒரு துயரம் இருந்தது. கோப்பை அவன் கையில் இருந்தது. செய்த மகிழ்ச்சி அவனுக்குக் கிட்டவில்லை. அதே மேசையின் கோடியில், சற்றே கோணலான ஓர் ஓலைக் கிளி இருந்தது. அதனை நாம் ஊன்றிக் கவனிக்கவேயில்லை. அதைச் செய்தவள் யார் என்று வாசகர் அறிவர்.

முன்பு காசில்லாத பிள்ளையை விலக்கினோம். இப்போது காசுள்ள பிள்ளையின் கையிலிருந்தும் வேலையைப் பறித்துவிட்டோம். கழிவுப் பொருள் என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் பாடம் அமைந்துவிடாது. புதுப் பொருளை விலைக்கு வாங்கி, அதற்குக் கழிவுப் பொருள் வேடமிட்டு, மூன்று நாள் மேசைமேல் வைத்து, பின் குப்பையில் எறிவதானால், நாம் கழிவைக் குறைக்கவில்லை, பெருக்கினோம்.

மறு ஆண்டு முதல் மூன்று ஒழுங்குகளைக் கைக்கொண்டோம். பொருள்கள் யாவும் பள்ளியில், ஆசிரியர் கண்முன், பிள்ளைகளின் கையாலேயே செய்யப்படும். பரிசு இல்லை, ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததைக் கையில் ஏந்தி, எப்பொருளை ஏன் தேர்ந்தேன், எங்கே தவறினேன், எவ்வாறு திருத்தினேன் என்று வந்தோர்க்கு எடுத்துரைக்கும். கண்காட்சி முடிந்தபின் ஒவ்வொரு பொருளும் எங்கே செல்லும் என்பதும் முன்னரே முடிவாகும். களிமண் தொட்டிக்கு, ஓலையும் இலையும் உரக்குழிக்கு, அட்டையும் துணியும் மீண்டும் மூலைப் பெட்டிக்கு. இவ்வொழுங்குகளால் கண்காட்சியின் பொலிவு சற்றுக் குறைந்தது உண்மையே. பிள்ளைகளின் பேச்சுப் பெருகியது. ஐஸ் குச்சி மாளிகைச் சிறுவன் அவ்வாண்டு சிரட்டையில் ஓர் ஆமை செய்தான். கால்கள் நான்கும் ஒரே அளவில் இல்லை. அதனை அவன் பள்ளியில் விட்டுச் செல்ல இசையாமல் வீட்டுக்கே எடுத்துச் சென்றுவிட்டான்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோரே! உங்கள் இல்லத்தில் ஒரு பழைய பெட்டியைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். எறியுமுன் ஒருகணம் நின்று, இது பெட்டிக்கு ஆகுமா என்று பிள்ளையைக் கேளுங்கள். தேர்வு அவர்களுடையதாகட்டும். பிள்ளை செய்யும்போது கத்தியையும் தீயையும் மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனையவற்றில் கைவையாதீர்கள். கோணலாக இருக்கின்றதே என்று திருத்த விரையும் உங்கள் கையை மடக்கிக்கொள்ளுங்கள். அக்கோணலில்தான் உங்கள் குழந்தையின் கைரேகை இருக்கின்றது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தெரிந்த மடிப்பும் பின்னலும் எவை எனக் கேட்டு, அவர்களையே கற்பிக்கச் செய்யுங்கள். திண்ணையில் ஓய்ந்திருக்கும் அவர்களுக்கும் அது புத்துயிர் அளிக்கும்.

பள்ளி நடத்தும் நம்மனோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் வழியே பெற்றோர்க்கு நாம் அனுப்பும் ஒவ்வொரு பட்டியலும் ஏதோ ஒரு வீட்டில் அன்றைய கூலியிலிருந்து கழிகின்றது. ஒப்பமிடுமுன் படித்துப் பாருங்கள்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கும் காலத்தில், அச்சிறுமியும் தோழியரும் கோயில் முற்றத்தில் அமர்ந்து பங்கு மக்கள் அனைவருக்கும் ஓலைச் சிலுவை மடித்தனர். சில ஆண்டுகள் முன்பு வகுப்பில் சும்மா அமர்ந்து பார்த்தால் போதும் என்று அவளுக்காகக் கெஞ்சிய தாய், அருகே நின்று ஓலை கிழித்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சிறுமி நறுக்குகளையெல்லாம் பொறுக்கிக் கூடையில் இட்டாள். வீட்டுச் சிலுவைகள் மறு ஆண்டு எரிந்து திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகும் என்பது அவளுக்குத் தெரியும். நறுக்குகளை என்ன செய்வாய் என்று கேட்டோம். "தம்பிக்குக் கிலுகிலுப்பை போதும்னுட்டான் சாமி. இதுல பொட்டி பின்னலாம்" என்றாள்.

ஐயாயிரம் பேர் உண்டபின் மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்த நம் ஆண்டவரின் செயலைக் குறித்து நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கின்றோம். அக்கூடைகள் எதனால் பின்னப்பட்டவையோ, நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று அச்சிறுமியின் மடியிலிருந்த ஓலைக் கூடையைக் கண்டபோதுதான் அந்நினைவு நமக்கு வந்தது.